காரணம் சொல்லாமல் நீக்கப்படும் ஆசிரியர்: அமெரிக்க சார்ட்டர் பள்ளிகளிலிருந்து நமக்கு ஒரு பாடம்

நம் படிப்பு வட்டங்களில் அடிக்கடி எழும் வாதம் இது. "அரசுப் பள்ளி நம் பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டது. அரசு பணத்தை மட்டும் கொடுக்கட்டும். பள்ளியைத் திறமையுள்ள தனியார் நடத்தட்டும். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு சார்ட்டர் பள்ளிகள் அப்படித்தானே வந்தன?"

இப்படிக் கேட்பவர்கள் நம் எதிரிகள் அல்லர். காதில் கிடந்த தோட்டை அடகு வைத்து இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்ட அம்மாக்களின் பிள்ளைகள். "தனியார்மயம் ஒழிக" என்ற ஒரு வரி அவர்களுக்குப் பதிலாகாது. ஆகவே அந்த சார்ட்டர் பள்ளிக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். தலைமையகத்தின் அறிக்கையிலிருந்து பார்க்காமல், அங்கே ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் நடத்தும் ஆசிரியரின் இடத்திலிருந்து பார்ப்போம். ஆங்கில ஆசிரியரை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. அந்தப் பள்ளியின் எல்லா நெருக்கடிகளும் அவருடைய வகுப்பில்தான் வந்து சேர்கின்றன.

முதலில், சார்ட்டர் பள்ளி என்றால் என்ன? அரசுப் பணத்தில், கட்டணம் இல்லாமல் நடக்கும் பள்ளி. ஆனால் அதை நடத்துவது அரசின் கல்வித் துறை அல்ல, தனி நிர்வாகம். அந்த நிர்வாகத்துக்கும் அனுமதி தரும் அமைப்புக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் பெயர்தான் சார்ட்டர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்குள்ள பல விதிகளிலிருந்து இவற்றுக்கு விலக்கு உண்டு. பதிலாக "விளைவைக் காட்டு" என்பது நிபந்தனை. 1991இல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டே அங்கு செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. 2021ஆம் கல்வியாண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 7,800 சார்ட்டர் பள்ளிகளில் 37 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள்.

இந்த யோசனையை நாடறியச் செய்தவர் ஒரு தொழிற்சங்கத் தலைவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் 1988இல் இதை முன்வைத்தார். அனுபவமுள்ள ஆசிரியர்கள் சேர்ந்து, அதிகாரிகளின் தொல்லை இல்லாமல், புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்கும் சிறு பள்ளிகள் வேண்டும் என்பது அவர் கருத்து. அந்தக் கனவில் ஆசிரியருக்குச் சங்கமும் இருந்தது, முடிவெடுக்கும் அதிகாரமும் இருந்தது. நடைமுறையில் சுதந்திரம் நிர்வாகத்துக்குப் போனது. சில ஆண்டுகளிலேயே ஷாங்கர் இந்த இயக்கத்தின் விமர்சகராக மாறினார்.

இனி அந்த ஆசிரியரின் நாளைப் பார்ப்போம்.

ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு இருபத்தாறு பேர் என்று வைத்துக்கொண்டால் 130 மாணவர்கள். ஆங்கில வகுப்பில் கட்டுரை எழுதாமல் கற்க முடியாது. ஒரு கட்டுரையைப் படித்து, எங்கே வாதம் நழுவுகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொடுக்கப் பத்து நிமிடம் வேண்டும். 130 கட்டுரைகளுக்கு 21 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதைப் பள்ளி நேரத்தில் செய்ய முடியாது. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் செய்ய வேண்டும். அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியருக்கும் இதே சுமைதான். ஆனால் பல சார்ட்டர் பள்ளிகளில் வேலை நாளே நீளம். 'கிப்' என்ற பெரிய சார்ட்டர் வலையமைப்பு தொடங்கிய காலத்தில் காலை ஏழரைக்கு ஆரம்பித்து மாலை ஐந்து வரை பள்ளி நடந்தது, சனிக்கிழமை வகுப்பு தனி. வீட்டுப்பாடத்தில் சந்தேகம் என்றால் மாணவர் இரவில் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைக்கலாம். பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று தோன்றும். பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் சொந்தக் குழந்தை உள்ள ஒரு பெண் இப்படி எத்தனை ஆண்டு தாக்குப்பிடிப்பார்? சார்ட்டர் பள்ளிகளில் ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போவது வழக்கமான அரசுப் பள்ளிகளைவிட அதிகம். இளைஞர்கள் வருகிறார்கள், இரண்டு மூன்று ஆண்டு உழைத்துத் தேய்கிறார்கள், போகிறார்கள். பத்தாம் வகுப்பில் தன்னை நம்பிய ஆசிரியரிடம் பன்னிரண்டாம் வகுப்பில் கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகும் மாணவிக்கு, அங்கே ஒரு புதிய முகம் இருக்கும்.

அடுத்தது தேர்வு. அமெரிக்க ஒன்றியச் சட்டப்படி மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும் வாசிப்பிலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு நடத்தியாக வேண்டும். சார்ட்டர் புதுப்பிக்கப்படுமா, பள்ளி மூடப்படுமா என்பதை முடிவு செய்யும்போது இந்த மதிப்பெண்களுக்கு முக்கிய இடம் உண்டு. அதாவது வரலாற்று ஆசிரியரைவிட, ஓவிய ஆசிரியரைவிட, ஆங்கில ஆசிரியரின் தலைமேல்தான் பள்ளியின் உயிர் தொங்குகிறது. ஒரு நாவலை முழுதாகப் படித்து ஒரு மாதம் விவாதிப்பதா, தேர்வில் வருவது போன்ற ஒரு பக்கப் பத்திகளைப் படித்து விடைக்கு வட்டம் போடப் பழக்குவதா? இந்தக் கேள்வி வரும்போது நாவல் தோற்கிறது. அடிமை முறையைப் பற்றியும் நிறவெறியைப் பற்றியும் பேசக்கூடிய ஒரே இடமாக அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு இருந்திருக்கலாம். நேரமில்லை.

"இது தவறு" என்று ஆசிரியர் சொல்லலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் மையமான விஷயம் வருகிறது. பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளில் ஆசிரியருக்குப் பணிப் பாதுகாப்பு கிடையாது. காரணம் சொல்லாமலேயே அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடலாம், ஆண்டின் நடுவிலும் நீக்கலாம். சங்கம் உள்ள சார்ட்டர் பள்ளிகள் பத்தில் ஒன்று அளவுக்குத்தான் இருக்கும். 2016இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் இரண்டு வழக்குகளில், அந்த சார்ட்டர் பள்ளிகளைத் தொழிலாளர் சட்டத்தின் பார்வையில் தனியார் நிறுவனங்களாகவே கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தது. பணம் வாங்கும்போது பொதுப் பள்ளி. ஆசிரியரிடம் பேசும்போது தனியார் நிறுவனம்.

வேலை நிலையில்லாத ஆசிரியர் என்ன செய்வார்? சொன்னதைச் செய்வார். அவருக்குச் சொல்லப்பட்டது என்ன என்று பாருங்கள்.

கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் நிறைந்த நகர்ப்புற சார்ட்டர் பள்ளிகள் பலவற்றில் 'நோ எக்ஸ்க்யூசஸ்', அதாவது 'சாக்குச் சொல்லாதே' என்ற முறை பரவியது. நிமிர்ந்து உட்கார், கவனி, கேட்டால் பதில் சொல், தலையாட்டு, பேசுபவர் மேலிருந்து கண்ணை எடுக்காதே. தாழ்வாரத்தில் பேச்சில்லாமல் வரிசையில் நட. சட்டை வெளியே தொங்கினால் தவறுப் புள்ளி, முணுமுணுத்தால் தவறுப் புள்ளி, புள்ளிகள் சேர்ந்தால் தண்டனை. வெள்ளையர் வாழும் வசதியான புறநகரில் தன் பிள்ளையை இப்படி நடத்தப் பெற்றோர் விடுவார்களா? ஏழைக் கறுப்பினப் பிள்ளைக்கு முதலில் அடக்கம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. நம் விடுதிகளில் இதே குரலை நாம் கேட்டிருக்கிறோம். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த போராட்டங்களின்போது, கிப் வலையமைப்பு "கடினமாக உழை, நல்ல பிள்ளையாக இரு" என்ற தன் பழைய முழக்கத்தைத் தானே கைவிட்டது. அந்த முழக்கத்தின் கீழ் தவறுப் புள்ளிகளைக் குறித்த கைகள் ஆசிரியர்களுடையவை. அது பிடிக்காத ஆசிரியர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் எந்தப் பாதுகாப்பில் மறுத்திருக்க முடியும்?

ஆங்கில ஆசிரியருக்கு இதில் இன்னொரு வேலையும் சேர்கிறது: பிள்ளையின் நாக்கைத் திருத்துவது. கறுப்பின மக்களின் ஆங்கிலத்துக்குத் தனி இலக்கணம் உண்டு, ஒழுங்கு உண்டு. அது தப்பும் தவறுமான ஆங்கிலம் அல்ல என்று மொழியியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். 1974இல் கல்லூரி எழுத்துப் பயிற்சி ஆசிரியர்களின் தேசிய அமைப்பு, மாணவருக்குத் தம் சொந்த மொழியில் உரிமை உண்டு என்று தீர்மானம் போட்டது. 1979இல் மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பர் நகரின் கறுப்பினப் பிள்ளைகள் தொடர்ந்த வழக்கில், அவர்களுடைய வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வாசிப்பு கற்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 1996இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பள்ளி வாரியம் அந்த மொழியை அங்கீகரித்துத் தீர்மானம் போட்டபோது நாடே கேலி செய்தது.

இது நமக்குப் புரியாத கதையா? நம் தெருப் பேச்சை வகுப்பில் "காலனி பாஷை" என்று சொல்லிச் சிரித்த ஆசிரியர்களைத் தாண்டித்தான் நம்மில் பலர் வந்திருக்கிறோம். 1992இல் பாமாவின் 'கருக்கு' நம் பேச்சிலேயே வந்தபோது, இது எழுத்தா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். "உன் வீட்டுப் பேச்சு குறையானது இல்லை, தேர்வுக்கும் வேலைக்கும் இன்னொரு பேச்சும் வேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்" என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல நேரம் வேண்டும், படிப்பு வேண்டும், துணிச்சலும் வேண்டும். துணிச்சலைத் தனிமனித குணமாக மட்டும் பார்க்கக் கூடாது. வேலை போகாது என்ற உறுதியிலிருந்தும் அது வருகிறது.

யார் அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். நியூ ஆர்லியன்ஸ் நகரை எடுத்துக்கொள்வோம். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நகரை மூழ்கடித்தது. அதன்பின் அங்கே 7,000க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர், அவர்களில் பலர் பெண்கள். தலைமுறைகளாக அந்த நகரத்துக் கறுப்பின நடுத்தர வர்க்கத்தைத் தாங்கியது இந்த ஆசிரியர் வேலைதான். பள்ளிகள் ஒவ்வொன்றாக சார்ட்டர் நிர்வாகங்களிடம் போயின. புதிய பள்ளிகளுக்கு வெளியூர்களிலிருந்து இளம் பட்டதாரிகள் வந்தார்கள், அவர்களில் வெள்ளையர் அதிகம். புயலுக்கு முன் ஏறத்தாழ 71 சதவீதமாக இருந்த கறுப்பின ஆசிரியர் பங்கு, பத்து ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே போனது. நீக்கப்பட்டவர்கள் வழக்கு போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் வென்றார்கள். 2014இல் லூசியானா உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2019 வாக்கில் நகரத்தின் பொதுப் பள்ளிகள் எல்லாமே சார்ட்டர் பள்ளிகள் ஆகிவிட்டன. 2024இல்தான் நகரக் கல்வி வாரியம் மீண்டும் ஒரு பள்ளியைத் தானே நேரடியாகத் திறந்தது.

இது முதல்முறையும் அல்ல. 1954இல் பிரவுன் வழக்குத் தீர்ப்பு பள்ளிகளில் நிறப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கியது. கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குள் போனார்கள். கறுப்பின ஆசிரியர்கள் போகவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட, பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். பிள்ளைக்குப் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள், ஆசிரியரின் நாற்காலியைப் பறித்துக்கொண்டார்கள்.

நாற்காலி யாருடையது என்பதால் பிள்ளைக்கு என்ன என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. டென்னசியில் குலுக்கல் முறையில் வகுப்பு ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள், அப்படிப் படிக்காத கறுப்பினப் பிள்ளைகளைவிட 13 சதவீதம் அதிகமாக உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள், 19 சதவீதம் அதிகமாகக் கல்லூரியில் சேர்ந்தார்கள். "அவரைப் போல நானும் ஆகலாம்" என்பதற்கு இவ்வளவு வலு இருக்கிறது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்வோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட முடிவின்படி, சார்ட்டர் பள்ளி மாணவர்கள் சராசரியாக வாசிப்பில் 16 நாட்களும் கணக்கில் 6 நாட்களும் கூடுதலாகக் கற்றதற்கு ஈடான முன்னேற்றம் காட்டினார்கள். நகரங்களில் உள்ள கறுப்பின, லத்தீன் மாணவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். பல ஊர்களில் கறுப்பினப் பெற்றோர் சார்ட்டர் பள்ளியில் இடம் கிடைக்கக் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். அவர்களை ஏமாளிகள் என்று நாம் சொல்ல மாட்டோம். தலைமுறையாக ஏமாற்றிய பள்ளியை விட்டு ஓடுபவருக்குக் கிடைத்த கதவு அது. அதேநேரம் கறுப்பின மக்களின் மிகப் பழைய உரிமை அமைப்புகளில் ஒன்றான என்.ஏ.ஏ.சி.பி., 2016இல் சார்ட்டர் பள்ளிகளை மேலும் விரிவாக்குவதை நிறுத்திவைக்கக் கோரியது. ஒரே சமூகத்துக்குள் இரண்டு கருத்தும் இருக்கிறது, இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

நம் கேள்வி வேறு. அந்தப் பள்ளிகளில் நல்லது நடக்கிறது என்றால், அது ஆசிரியரைக் காரணம் சொல்லாமல் நீக்க முடிவதால்தான் நடக்கிறதா? கூடுதல் நேரம், கூடுதல் கவனம், பிள்ளை கல்லூரிக்குப் போவாள் என்ற நம்பிக்கை, இவற்றைச் சங்கமுள்ள ஆசிரியர் தர முடியாதா?

2018 டிசம்பரில் சிகாகோ ஆசிரியர்கள் இதற்குப் பதில் சொன்னார்கள். ஏசெரோ என்ற சார்ட்டர் வலையமைப்பின் 15 பள்ளிகளில் 500க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி ஆசிரியர்களின் முதல் வேலைநிறுத்தம் அதுதான். சில நாட்களில் வென்றார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? ஊதியம் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். கூடவே வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னார்கள். அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் லத்தீன் குடும்பங்களின் பிள்ளைகள். ஆகவே குடியேற்ற அதிகாரிகள் பள்ளிக்குள் புகுந்து பிள்ளைகளைத் தொடக் கூடாது என்ற பாதுகாப்பையும் ஒப்பந்தத்தில் எழுதவைத்தார்கள். சங்கம் வந்ததும் ஆசிரியர் முதலில் காப்பாற்றியவர்களில் மாணவரும் இருந்தார். ஆசிரியரின் உரிமையும் பிள்ளையின் உரிமையும் எதிரெதிர் என்று சொல்பவர்கள் இந்த ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்.

இதை நாம் ஏன் இங்கே பேச வேண்டும்? இந்த முறை கடல் கடந்து வந்துவிட்டது. சார்ட்டர் பள்ளிகளுக்கு இளம் பட்டதாரிகளை அனுப்பிய 'டீச் ஃபார் அமெரிக்கா'வின் வழியில் 2009இல் 'டீச் ஃபார் இந்தியா' வகுப்பறைகளுக்குள் வந்தது. இரண்டு ஆண்டு நடத்திவிட்டுப் போகும் ஆசிரியர் என்ற கருத்தும் அதோடு வந்தது. அந்த இளைஞர்களின் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆசிரியர் வேலை என்பது வாழ்நாள் பணி என்ற எண்ணம் கரைவதைத்தான் சுட்டுகிறோம். கரைக்கத் தனியார்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2022இல் தமிழ்நாடு அரசே பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்றுதான் அறிவித்தது.

நம் சட்டத்திலும் அதே பெஞ்சும் நாற்காலியும் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவுற்ற பிரிவினரின் பிள்ளைகளுக்குத் தருகிறது. ஆனால் பணியில் இடஒதுக்கீடு தரும் 16(4) அரசுப் பணிக்குத்தான். அரசு உதவி பெறாத தனியார் பள்ளி தன் ஆசிரியர்களில் ஒருவரைக்கூட நம் சமூகத்திலிருந்து எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் பிள்ளைக்குப் பெஞ்சு உண்டு, நம் ஆசிரியருக்கு நாற்காலி இல்லை. ஓர் அரசுப் பள்ளி தனியார் நிர்வாகத்துக்குப் போகும் நாளில் நாம் இழக்கக்கூடியதில் கட்டடம் மிகச் சிறிய பங்கு. நம் ஊர்களில் முதல் பட்டதாரியாகி, முதல் அரசு ஆசிரியராகி, தெருவுக்கே படிப்பின் வழியைக் காட்டிய அக்காக்கள் அண்ணன்களின் வேலையைத்தான் நாம் இழப்போம்.

அரசுப் பள்ளியில் சாதி இல்லையா? இருக்கிறது. பணிப் பாதுகாப்பின் நிழலில் சாதி வெறியோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் இல்லையா? இருக்கிறார். கழிவறை கழுவ நம் பிள்ளைகளை அனுப்பியவர்கள் அரசு ஆசிரியர்கள்தான். அவர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடுவோம், விசாரணை கேட்போம், காரணத்தைச் சொல்லி, எழுத்தில் பதிந்து, வேலையிலிருந்து நீக்கச் சொல்வோம். காரணத்தோடு நீக்குவதும் காரணமில்லாமல் நீக்குவதும் ஒன்றல்ல. காரணமே வேண்டாம் என்ற இடத்தில் முதலில் வெளியேறப் போவது யார் என்பதைச் சாதிச் சமூகத்தில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டத்தைக் காட்டிக் கேள்வி கேட்ட தலித் ஆசிரியைதான் முதலில் போவார்.

ஆகவே தோழர்களே, அடுத்தமுறை யாராவது "அரசு பணம், தனியார் திறமை" என்று வந்தால் விளைவுப் பட்டியலோடு சேர்த்து இவற்றையும் கேளுங்கள். ஆசிரியரை நியமிப்பது யார், இடஒதுக்கீடு உண்டா? நீக்கினால் காரணம் எழுத்தில் தருவார்களா, மேல்முறையீடு உண்டா? ஆசிரியர் சங்கம் வைக்கலாமா? போன ஆண்டு இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் இருக்கிறார்கள்? உங்களில் பி.எட். படிப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆங்கிலம் எடுத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். வேலைக்குப் போகும் முதல் மாதமே சங்கத்தில் சேருங்கள். அந்தச் சங்கத்தில் சாதி இருந்தால் அங்கேயும் சண்டை போடுங்கள். உங்கள் வகுப்பில் நம் தெருப் பேச்சோடு வந்து உட்காரும் பிள்ளைக்கு, கேள்வி கேட்டாலும் வேலை போகாத ஓர் ஆசிரியர் வேண்டும்.

ஜெய்பீம்.